பழைய வண்டி யாருக்கு

என் மாமனார் வீட்டில் வண்டி விஷயத்தில் ஒரு சட்டம் உண்டு. புது வண்டி வீட்டு ஆண்பிள்ளைக்கு. அவர் ஓட்டித் தேய்த்த பழையது, ஓட்டக் கற்றுக்கொள்கிறவளுக்கு. கற்றுக்கொள்கிறவள் எங்காவது இடிப்பாள், இடித்தால் பழையதோடு போகட்டும் என்று நினைப்பு. இதைச் சொல்லும்போது எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சில வருடங்கள் கூடச் சேர்ந்து சிரித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேல்தான் எரிச்சல் வருகிறது.

வீடு ஹைதராபாத் ஓரத்தில், போலாரத்தில். கணவரின் குடும்பம் வெள்ளைக்காரன் காலத்தில் வேலூர்ப் பக்கமிருந்து பட்டாளத்தோடு வந்து அங்கேயே தங்கிவிட்டது. வேண்டாம் என்பதற்கு அந்த ஊர் உருதுவில் 'நக்கோ' என்பார்கள், ஆமாம் என்பதற்கு 'ஹவ்' என்பார்கள். நான் விருதுநகர்க்காரி. கம்ப்யூட்டர் வேலைக்கு ஊரே ஹைதராபாத்துக்கு ரயிலேறிய வருடங்களில் நானும் ஏறி வந்து, அந்த வீட்டில் வாழ்க்கைப்பட்டேன். என் மகளுக்குத் தமிழ் நன்றாகப் புரியும். பதில் மட்டும் தெலுங்கில்தான் வரும்.

என் அலுவலகம் மாதாப்பூரில். மகளின் பள்ளிக்கூடமும் அந்தப் பக்கம்தான். காலையில் கிளம்பினால் சுசித்ரா, பாலாநகர், கூகட்பள்ளி என்று லாரிகளுக்கு நடுவில் ஊர்ந்து போய்ச் சேர ஒன்றரை மணி நேரம். சாயங்காலம் அதே ஒன்றரை. கணவருக்கு அல்வாலில் ஒரு வங்கிக் கிளையில் வேலை. ரேடியோவில் இரண்டு பாட்டு முடிவதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிடுவார்.

இதில் யாருக்கு எந்த வண்டி? எனக்கும் மகளுக்கும் பத்து வருடத்துக்கு மேலான, வெள்ளி நிறச் சின்ன கார். பக்கத்தில் லாரி கடந்தால் அதன் காற்று என் ஸ்டியரிங்கில் தெரியும். பின் சீட்டு பெல்ட்டுகள் எங்கே என்றே எனக்குத் தெரியாது. என் மாமியார் உயிரோடு இருந்த காலத்தில் அழுக்குப் படாமலிருக்கத் துண்டுத் துணியில் சீட்டு உறை தைத்துப் போட்டிருந்தார், பெல்ட் எல்லாம் அதற்கு அடியில் போய்விட்டது. அவர் தைத்தது என்று யாரும் அதைக் கழற்றவில்லை. என் கணவர் அந்த வண்டியை எனக்குக் கொடுத்தபோது ஆர்.சி. புத்தகத்தையும் என் பேருக்கு மாற்றிக்கொடுத்தார். "இனிமே இது உனக்கே உனக்கு" என்றார். அவர் மனதில் அது பெரிய பரிசு. எனக்கும் அன்றைக்குக் கண் கலங்கியது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அவர் தனக்கு எடுத்தது பெரிய வெள்ளைக் கார். டாப் மாடல். அதை ஏன் எடுத்தார் என்றால், அலாய் வீல் அதில்தான் வந்தது. கூடவே முன்னால் இரண்டு ஏர்பேக்கும் வருகிறது என்று கடைக்காரர் சொன்னபோது, "அது எதுக்கு?" என்று கேட்டார் என் மாமனார். கேட்டுவிட்டு மியூசிக் சிஸ்டத்தைத் திருகிப் பார்த்தார். வண்டி வீட்டுக்கு வந்தது. சீட்டு மேலிருந்த பிளாஸ்டிக்கைக் கிழிக்கக் கூடாது என்று உத்தரவு. ஒரு வருடமாவது புதுசாகவே இருக்க வேண்டுமாம். அல்வாலுக்குப் போகும், வரும், கொட்டகையில் உறை போர்த்திக்கொண்டு நிற்கும். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போது நாங்கள் அந்தப் பிளாஸ்டிக்கில் வழுக்கி வழுக்கி உட்கார்ந்து போவோம்.

ஒரு நாள் என் வண்டியின் சைலன்சர் தொங்கி ரோட்டில் உரச ஆரம்பித்தது. மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு, அரை நாள் லீவு போட்டு, சனத்நகர் தொழிற்பேட்டைக்குள் இருக்கும் ஒரு ஷெட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனேன். அதை நடத்துகிறவர் ஆம்பூர்க்காரர். எல்லோருக்கும் அவர் பாய். அடிபட்ட வண்டிகளைத் தட்டி நிமிர்த்தி வண்ணம் அடிப்பதுதான் அவர் தொழில், இந்த மாதிரி சில்லறை வேலையும் செய்வார்.

ஷெட் வாசலில் இரண்டு வண்டிகள் நின்றன. ஒன்று புதிய பெரிய கார். அதன் முன்பக்கம் முழுசாகக் கண்ணாடி வரைக்கும் அப்பளமாக நொறுங்கிக் கிடந்தது. இன்னொன்று என் வண்டியேதான். அதே மாடல், அதே வெள்ளி நிறம். அதற்கும் முன்னால் நல்ல அடி, ஆனாலும் பெரியதைப் பார்க்கும்போது இது பரவாயில்லை என்றுதான் பட்டது.

"ரெண்டும் ஒண்ணை ஒண்ணு இடிச்சிக்கிச்சு மேடம். மேட்சல் ரோட்டுல, நேருக்கு நேர்" என்றார் பாய்.

"பாவம், பெரிய கார்ல இருந்தவங்க" என்றேன்.

"அவங்களுக்கு என்ன? நாலு பேரு இருந்தாங்க. அவங்களே கதவத் தொறந்து இறங்கிட்டாங்க. ஒருத்தருக்குக் கை பிசகியிருக்கு, அவ்ளோதான்."

"அப்ப இதுல?"

அவர் கழிவுத்துணியில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் குனிந்து உள்ளே பார்த்தேன். ஸ்டியரிங் டிரைவர் சீட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. நடுவில் ஆள் உட்கார இடமே இல்லை. ஆளை வெளியே எடுக்கக் கதவு ஓரம் முழுக்க வெட்டின தடம். பின் சீட்டில் துண்டுத் துணி உறை போட்டிருந்தார்கள், நீலத்தில் வெள்ளைக் கோடு. என் வண்டியில் இருந்தது பச்சை.

"புது வண்டி முன்னாடி நசுங்கட்டும்னேதான் செஞ்சிருக்காங்க மேடம்" என்றார் பாய். "நசுங்கி நசுங்கி அடிய அது வாங்கிக்கும். ஆள் உக்கார்ற கூடு அப்படியே நிக்கும். இந்தப் பழசுல கூடே உள்ள வந்துடுது. இன்னொண்ணு, வெயிட்டு. கேரம் போர்டுல ஸ்டிரைக்கரும் காயும் மோதுனா எது பறக்குது?"

"எங்க மாமனார் சொல்வார், அந்தக் காலத்து வண்டிதான் இரும்பு, இப்ப வர்றதெல்லாம் தகரம்னு."

"முன்னாடி இரும்பு லேசுல வளையாது, ஹவ். வளையலன்னா அடி எங்க போவும்? உள்ள இருக்கிற ஆள் மேலதான்."

"அப்ப சின்னதே புதுசா வாங்கினா?"

"பழசுக்குப் புதுசு தேவலாம். ஆனா சின்னது சின்னதுதான் மேடம்." என் வண்டியைப் பார்த்தார். "டெய்லி எவ்ளோ தூரம் போறீங்க?"

சொன்னேன்.

"கொழந்தயும் இதுலதானா?"

"ஆமா."

"சாரு எவ்ளோ தூரம் போறாரு?"

சைலன்சருக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். கணவரைப் பற்றி வெளியாளிடம் சொல்ல வெட்கமா, என்னைப் பற்றியே வெட்கமா, தெரியவில்லை. சைலன்சரைக் கட்டி வாங்கிக்கொண்டு கிளம்பினேன். பள்ளியிலிருந்து மகளை ஏற்றிக்கொண்டு வீடு வந்து சேருகிறவரை ஒவ்வொரு லாரியும் என்னைத்தான் பார்த்து வருகிற மாதிரி இருந்தது.

சாயங்காலம் வீட்டில் சொன்னேன். கணவர் கேட்டார், பரிதாபப்பட்டார், "நீ நிதானமாத்தானே ஓட்டுவே" என்றார். மாமனார், "விதி வந்தா எந்த வண்டியா இருந்தா என்ன" என்று டீயை உறிஞ்சினார். விதியின் மேல் அவ்வளவு நம்பிக்கை உள்ளவர் எதற்காக வண்டிக்கு உறை போர்த்துகிறார் என்று கேட்க வந்தது. கேட்கவில்லை. என் கோபத்துக்குச் சத்தம் கிடையாது, கைதான் வேலை செய்யும்.

மறுநாள் காலையில் கொட்டகைக்குப் போய் உறையை உருவினேன். கதவைத் திறந்து சீட்டுப் பிளாஸ்டிக்கைக் கிழித்தேன். மகளும் வந்து சேர்ந்துகொண்டாள். அவளுக்கு ஒரே கொண்டாட்டம். பின் சீட்டு பெல்ட்டை இழுத்துப் பார்த்து, அவள் உயரத்துக்கு ஒரு தலையணையை மடித்துப் போட்டு உட்கார வைத்துப் பூட்டினேன். சத்தம் கேட்டுக் கணவர் பனியனோடு ஓடி வந்தார்.

"ஏய், என்ன பண்றே? வண்டி வந்து இன்னும் ஒரு வருஷம்கூட ஆகல."

"ஒரு வருஷம் ஆகட்டும்னு லாரிக்காரன் காத்திருக்கானா?"

"பாலாநகர் டிராபிக்ல இதை எடுத்துட்டுப் போவியா? ஒரே நாள்ல கோடு போட்டுருவானுங்க."

"போடட்டும். வண்டி மேல கோடு விழுந்தா அதுக்குப் பெயிண்ட் இருக்குங்க."

"அப்ப நான் எதுல போறது?"

"அல்வாலுக்குத்தானே? ஸ்கூட்டர் நிக்குது. அதுல போக இஷ்டமில்லன்னா எங்களைக் கொண்டுவந்து விட்டுட்டுப் போங்க. டெய்லி. நான் வேணாம்னு சொல்லல."

நான் கிளம்பிவிட்டேன். அவ்வளவு பெரிய வண்டியை நான் அதுவரை ஓட்டியதே இல்லை.

மூன்றாவது நாளே கோடு விழுந்தது. பாலாநகரில் இல்லை, எங்கள் வீட்டு கேட் தூணில். பின்கதவிலிருந்து விளக்கு வரைக்கும் நீளமாக ஒரே இழுப்பு. மாமனார் வந்து அதை விரலால் தடவினார். வீட்டுக்கு வந்தவர் போனவருக்கெல்லாம் ஒரு மாதம் அந்தக் கோடு காட்டப்பட்டது. பால்காரருக்கும் காட்டினார்கள். கணவர் என்னோடு தேவைக்கு மட்டும் பேசினார். ஸ்கூட்டரில் போனார், முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு. நான் சாவியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. நாளாக நாளாக அது என் கைப்பையிலேயே இருக்கப் பழகிவிட்டது.

சின்ன வண்டி வேப்பமரத்தடியில் தூசி அடைந்து நின்றது. அப்போதுதான் நாத்தனாருக்கு வேலை கிடைத்தது. கணவரின் தங்கை, என்னைவிடப் பத்து வயது சின்னவள். என் அலுவலகத்துக்கு அடுத்த தெருவில் ஒரு கம்பெனி. லைசென்ஸ் எடுத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. மாமனார் உடனே முடிவு செய்துவிட்டார்.

"அந்தச் சின்னது சும்மாதானே நிக்குது. அதுல கத்துக்கட்டும்."

இப்போது நான் செய்ததைச் சொல்ல வேண்டும். எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்பாடா, இனி என் சாவி மேல் யாரும் கண் வைக்கமாட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. கடைக்குப் போய் எலுமிச்சம்பழம் வாங்கி வந்ததுகூட நான்தான். அவள் முதல்நாள் வேலைக்குப் போகிற காலையில் வண்டியைக் கழுவி, குங்குமம் வைத்து, டயருக்கு அடியில் பழத்தை வைக்கக் குனிந்தேன். நிமிரும்போது பின் கண்ணாடி வழியாக அந்தப் பச்சைத் துண்டு உறை தெரிந்தது. சனத்நகர் ஷெட் அப்படியே கண் முன்னால் வந்து நின்றது. சீ, நீயெல்லாம் ஒரு மனுஷியா என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

பழத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு எழுந்தேன். "இவ இதுல போகமாட்டா" என்றேன்.

"கைக்கு?" என்றார் மாமனார். ஏன் என்று கேட்கிறார்.

"கத்துக்கறவதான் இடிப்பான்னு நீங்கதானே மாமா சொல்வீங்க? இடிக்கப்போறவளுக்கு எதுக்கு இந்த வண்டி? அவளுக்குத்தான் இருக்கறதுலயே நல்ல வண்டி வேணும்."

நாத்தனார் என் கையைப் பிடித்தாள். "அண்ணி, விடுங்க அண்ணி. எனக்கு இதே போதும்."

"உனக்குப் போதாது. நீ சும்மா இரு."

கணவர் சிரித்தார், நான் மடங்கிவிடுவேன் என்று நினைத்து. "அப்ப புது வண்டிய இவகிட்ட கொடுத்துருவியா?"

"கொடுப்பேன். நான் பக்கத்துல உக்காந்துக்கறேன். மூணு பேரும் ஒரே பக்கம்தானே போறோம்."

கைப்பையிலிருந்து சாவியை எடுத்து அவள் கையில் வைத்தேன். அவள் அண்ணனைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், கடைசியில் போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். அன்றைக்கு மாதாப்பூர் போய்ச் சேர இரண்டேகால் மணி நேரம் ஆனது. பின்னால் வந்தவனெல்லாம் எங்களைத் திட்டிக்கொண்டே வந்தான்.

அதோடு நான் விட்டுவிடவில்லை. சின்ன வண்டி அங்கேயே நின்றால் என்றைக்காவது ஒரு நாள் யாரையாவது அதில் ஏற்றிவிடுவார்கள். தெருவில் ஒருவர் அதற்குள் கேட்டும்விட்டார், "எங்க பாப்பா கத்துக்கணும்" என்று. சனிக்கிழமை மத்தியானம் நானே அதை எடுத்துக்கொண்டு சனத்நகர் போனேன். ஆர்.சி. புத்தகம் என் பேரில் இருந்ததே, யார் கையெழுத்தும் எனக்குத் தேவைப்படவில்லை.

"இதை அறுத்துடுங்க பாய்."

"ஓடற வண்டி மேடம். யாராவது வாங்கிப்பாங்க."

"வாங்கறவங்க யாரு? எவனாவது தன் பொண்டாட்டிக்குக் கத்துக்கக் கொடுக்கறதுக்கு வாங்குவான். நக்கோ பாய். என் கண்ணு முன்னாடி அறுங்க."

அவர் ஆளைக் கூப்பிட்டார். கூரையை அறுக்கிறவரை நின்று பார்த்தேன். டேஷ்போர்டுப் பிள்ளையாரையும் மகளின் கலர் பென்சில்களையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, இரண்டு பஸ் மாறி வீட்டுக்கு வந்தேன். மாமியார் தைத்த உறையைத் துவைத்து மடித்து மாமனாரின் கட்டிலில் வைத்தேன். அவர் பதினைந்து நாள் என்னோடு பேசவில்லை.

"அதை உன் பேர்ல போட்டது என் தப்பு" என்றார் கணவர்.

"ஹவ்" என்றேன். அந்த வார்த்தை என் வாயில் வந்தது அதுதான் முதல் தடவை.

அதற்கப்புறம் ஏழெட்டு மாதம் மூன்று பேரும் ஒன்றாகப் போய் வந்தோம். நாத்தனார் நன்றாகவே ஓட்டினாள். வண்டியில் இன்னும் நாலைந்து கோடுகள் சேர்ந்தன. பாதி அவளுடையது, பாதி என்னுடையது.

ஒரு சாயங்காலம், சுசித்ரா தாண்டி வந்துகொண்டிருந்தோம். வெளிச்சம் இன்னும் இருந்தது. அவள்தான் ஓட்டினாள், வேகமும் அதிகமில்லை. டிவைடரில் ஒரு இடைவெளி. அதிலிருந்து ஜல்லி ஏற்றின டிப்பர் ஒன்று எதிர்த்திசையில் எங்கள் பக்கமே நுழைந்தது. "அண்ணி" என்றாள். அவ்வளவுதான் அவளால் சொல்ல முடிந்தது.

சத்தம் எனக்கு ஞாபகம் இல்லை. முகத்துக்கு முன்னால் வெள்ளையாக ஏதோ பொங்கி அடங்கியது. வெடி வெடித்த மாதிரி ஒரு வாசனை. பானெட் மடிந்து கண்ணாடி வரைக்கும் வந்திருந்தது, அப்பளமாக. நெஞ்சு வலித்தது. திரும்ப முடியாமல் திரும்பினேன். பின் சீட்டில் மகள் பெல்ட்டுக்குள் உட்கார்ந்து வாயைத் திறந்துகொண்டிருந்தாள், அழுகை இன்னும் வெளியே வரவில்லை. நாத்தனார் தன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

நான் கதவுக் கைப்பிடியை இழுத்தேன். கதவு திறந்தது. யாரும் எதையும் வெட்ட வேண்டியிருக்கவில்லை. மூன்று பேரும் எங்கள் காலாலேயே இறங்கினோம்.

கூட்டம் கூடிவிட்டது. யாரோ எங்களை டிவைடர் மேல் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். நாத்தனாருக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்திருந்தது. எனக்கு விலா எலும்பில் விரிசல் என்று பிற்பாடு சொன்னார்கள். மகளுக்குத் தோளிலிருந்து குறுக்காகப் பெல்ட் பதிந்த சிவப்புக் கோடு. அது ஒன்றுதான்.

கணவருக்குப் போன் போட்டு, "இடிச்சிருச்சு, வாங்க" என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் பேச மூச்சு வரவில்லை. அவர் ஸ்கூட்டரில் வந்தார். வண்டியை ஸ்டாண்டு போடாமல் அப்படியே கீழே விட்டுவிட்டு ஓடி வந்தார். ஓடி வந்தவர் பானெட்டுக்கு முன்னால் நின்றுவிட்டார். இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார். "ஐயோ, வண்டி" என்றார்.

நாங்கள் பதினைந்து அடி தள்ளி உட்கார்ந்திருந்தோம். கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தேன். எனக்கு முன்னால் மகள் கூப்பிட்டாள், வழக்கம்போலத் தெலுங்கில்.

"நான்னா. நேனு இக்கட உன்னா."

அப்பா, நான் இங்கே இருக்கிறேன்.

அவர் திரும்பினார். அந்த முகத்தை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. வந்து மண்ணில் முட்டி போட்டு, மகளின் தலையை, கையை, காலை ஒவ்வொன்றாகத் தொட்டார். தங்கையின் மணிக்கட்டைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். என்னென்னவோ சொல்ல வந்தது எனக்கு. அத்தனை மாதக் கோபமும் நெஞ்சு வலியோடு சேர்ந்து மேலே வந்தது. ஆனால் அவர் அழுதுகொண்டிருந்தார்.

"மூணு பேரும் இருக்கோங்க" என்றேன். "எண்ணிப் பாத்துக்கங்க. வண்டிதான் போச்சு."